குழந்தைக்கு லெட் 8.2: எந்த டாக்டரிடம் போவது?

நிலா_அம்மா (ஜெர்சி சிட்டி)

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு ஒரு வயது செக்கப்பில் விரலில் குத்தி லெட் (காரீயம்) டெஸ்ட் எடுத்தார்கள். நியூஜெர்சியில் ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் எல்லாக் குழந்தைகளுக்கும் எடுக்க வேண்டுமாம். டெசிலிட்டர் ரத்தத்துக்கு 8.2 மைக்ரோகிராம் என்று வந்தது. பிறகு நரம்பில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் 7.6.

டாக்டர் ஆபீசில், "இந்த அளவுக்கு மருந்து கிடையாது, கையை நன்றாகக் கழுவி விடுங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தாள் முழுக்கப் பழைய பெயின்ட்டில் இருக்கும் லெட் பற்றித்தான். நாங்கள் இருப்பது 1920களில் கட்டிய வீட்டின் மாடி, வாடகைக்கு. பெயின்ட் உரிந்திருப்பதாக என் கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கிருந்து வந்திருக்கும் என்று ஒருவரும் கேட்கவே இல்லை.

நரம்பு டாக்டரான நியூராலஜிஸ்டா, ரத்த டாக்டரான ஹெமட்டாலஜிஸ்டா, யாரிடம் போவது? இதற்கென்று தனி டாக்டர் உண்டா? தூக்கமே வரவில்லை.

---

கோபால்_மாமா (டாலஸ்)

பயப்படாதே அம்மா. நாங்கள் எல்லாம் லெட் கலந்த பெட்ரோல் புகையைக் குடித்து வளர்ந்தவர்கள்தான். படித்தோம், வேலைக்கு வந்தோம், ஒன்றும் ஆகவில்லை. இங்கே எதற்கெடுத்தாலும் டெஸ்ட், எதற்கெடுத்தாலும் பில்.

---

வேம்பு_நர்ஸ் (நியூயார்க்)

நிலா அம்மா, தனி டாக்டர் உண்டு. நியூராலஜிஸ்ட் அப்பாயின்ட்மென்ட்டுக்கு அலைய வேண்டாம்.

குழந்தைகள் சூழல் நலச் சிறப்புப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் பி.ஈ.எச்.எஸ்.யு. குழந்தை மருத்துவர், நச்சியல் மருத்துவர், நர்ஸ் சேர்ந்த குழு. அமெரிக்காவின் பத்து ஃபெடரல் மண்டலங்களிலும் ஒவ்வொன்று உண்டு. ஜெர்சி, நியூயார்க், புவர்ட்டோ ரிக்கோ எல்லாம் 2ஆம் மண்டலம். அதற்கான பிரிவு மன்ஹாட்டனில் மவுன்ட் சினாய் மருத்துவமனையில் இயங்குகிறது. பாஸ்டன் பக்கம் என்றால் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை, அட்லாண்டா பக்கம் எமரி பல்கலைக்கழகம், சியாட்டில் பக்கம் வாஷிங்டன் பல்கலைக்கழகம்.

பெற்றோரே போன் செய்யலாம், ரெஃபரல் வேண்டாம், போன் ஆலோசனைக்குக் காசும் கிடையாது. உங்கள் டாக்டரையும் அவர்களிடம் பேசச் சொல்லுங்கள். டாக்டருக்கு டாக்டர் பேசும்போது நமக்குச் சொல்லாததையும் சொல்வார்கள். அவர்கள் உங்கள் டாக்டரின் இடத்துக்கு வர மாட்டார்கள், அவருக்கு வழிகாட்டுவார்கள்.

இது எப்படி வந்தது என்றால், 1990களின் நடுவில் அடுத்தடுத்துச் சில கூத்துகள் நடந்தன. ஒன்று உங்கள் பக்கத்து ஊரான ஹோபோக்கனில். பாதரச விளக்கு செய்த பழைய தொழிற்சாலைக் கட்டடத்தைக் குடியிருப்பாக மாற்றி விற்றுவிட்டார்கள். தரைப் பலகைக்கு அடியில் பாதரசம் மணிமணியாகத் தேங்கிக் கிடந்தது. குழந்தைகளின் சிறுநீரிலும் ஏறியது. 1996 தொடக்கத்தில் அங்கிருந்தவர்களை வெளியேற்றினார்கள். அதே சமயத்தில் மிசிசிப்பியில் பருத்தி வயலுக்கு அடிக்கும் மீத்தைல் பாரதியான் என்ற பூச்சிமருந்தைக் கரப்பான்பூச்சிக்கு என்று வீட்டுக்குள்ளேயே அடித்திருந்தார்கள். இரண்டு இடத்திலும் பெற்றோர் ஓடியது தெருமுனைக் குழந்தை டாக்டரிடம்தான். அவருக்கு இதில் பயிற்சி இல்லை. அதன் பிறகு 1998இல் நச்சுப்பொருட்களைக் கவனிக்கும் ஏ.டி.எஸ்.டி.ஆர், சுற்றுச்சூழலைக் கவனிக்கும் ஈ.பி.ஏ என்ற இரண்டு மத்திய அரசு அமைப்புகள் சேர்ந்து பணம் கொடுத்து இந்தப் பிரிவுகளைத் தொடங்கின.

கோபால் மாமா, உங்களுக்குத் தனியாக வருகிறேன்.

---

சுந்தரம்_தூசி (சியாட்டில்)

நான் தொழில்முறையில் வீடுகளிலும் பட்டறைகளிலும் தூசி அளப்பவன். மாமாவுக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் 1976 முதல் 1980 வரை எடுத்த கணக்கில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் சராசரியே டெசிலிட்டருக்கு 15 மைக்ரோகிராம் அளவில் இருந்தது. அன்று யாரும் மயங்கி விழவில்லை என்பது சரிதான். 1979இல் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற மருத்துவர் பாஸ்டன் பக்கத்துப் பள்ளிக் குழந்தைகளின் விழுந்த பால் பற்களை வாங்கி அதில் காரீயத்தை அளந்தார். பல்லில் காரீயம் கூடக்கூட அறிவுத்திறன் மதிப்பெண் இறங்கியது, வகுப்பில் கவனமும் குறைந்தது. ஒரு பிள்ளையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இன்னும் நான்கைந்து புள்ளி கூடுதலாக வந்திருக்குமா என்று உங்களையோ என்னையோ பார்த்து எப்படிச் சொல்வது? ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வரிசையில் வைத்தால் தெரியும்.

அதனால்தான் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு அமைப்பான சி.டி.சி வைத்த எல்லை இறங்கிக்கொண்டே வந்தது. 1991இல் 10, 2012இல் 5, 2021 அக்டோபர் முதல் 3.5. இதற்குக் கீழே என்றால் ஆபத்தில்லை என்ற பொருளும் கிடையாது. நாட்டுக் குழந்தைகளில் மேல்மட்டத்தில் இருக்கும் இரண்டரை சதவீதத்தை அடையாளம் காணும் கோடு அது.

---

நிலா_அம்மா

மிக்க நன்றி அக்கா, அண்ணா. போன் செய்தால் என்ன கேட்பார்கள்? நான் எதை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்?

---

வேம்பு_நர்ஸ்

சூழல் வரலாறு என்று ஒன்று எடுப்பார்கள். இந்த மருத்துவத்தில் பாதி வேலை அதுதான், என்னைக் கேட்டால் பாதிக்கும் மேல். வீடு கட்டிய வருஷம், பக்கத்து வீட்டில் இடித்துக் கட்டுகிறார்களா, குழந்தை எந்த ஜன்னலோரம் நின்று விளையாடும், மண்ணைத் தின்கிறதா, பேபி சிட்டர் வீடு எது, அப்பா அம்மா என்ன வேலை, துப்பாக்கி சுடும் பழக்கம் உண்டா, ஊருக்குப் போய்வந்தது எப்போது, சூட்கேஸில் என்ன வந்தது.

கடைசிக் கேள்விக்கு நம்மவர்கள் சரியாகப் பதில் சொல்வதில்லை. வெட்கமோ, அது ஒரு விஷயமா என்ற எண்ணமோ. அம்மா திரித்துக் கொடுத்த மஞ்சள்தூள், கண்மை, உரை மருந்து, சூரணம், அரைஞாண், தாயத்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். தாயத்து என்றால் சிரிக்காதீர்கள். 2009இல் நியூயார்க்கில் ஒரு வயதுக் குழந்தைக்குக் காரீயம் ஏறியதற்குக் காரணம் கழுத்தில் கட்டியிருந்த கம்போடியத் தாயத்தின் மணிகள். குழந்தை அதை வாயில் வைத்துச் சப்பியிருக்கிறது. அந்த வீட்டில் பெயின்ட்டை மட்டும் தேடியிருந்தால் கிடைத்திருக்காது.

---

இயற்கை_வழி (ஹூஸ்டன்)

சகோதரி, ஆங்கில மருத்துவத்தில் இதற்கு வழியில்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்களே. உடலில் உள்ள கன உலோகங்களை நரம்பு வழியாக மருந்து ஏற்றி வெளியே எடுக்கும் கிளினிக்குகள் இங்கே இருக்கின்றன. முடியை அனுப்பினால் முப்பது உலோகங்களுக்கும் அளவு தருவார்கள். விருப்பமிருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

---

வேம்பு_நர்ஸ்

தயவுசெய்து அனுப்பாதீர்கள் நிலா அம்மா.

காரீயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து உண்மையிலேயே இருக்கிறது. சக்சிமர் என்பது வாய்வழி. முட்டை அழுகிய நாற்றம் அடிக்கும், பிள்ளைகளைக் குடிக்கவைப்பது பெரும்பாடு. ஆனால் அதைத் தொடங்கும் அளவு 45. உங்கள் மகளுக்கு 7.6. அந்த மருந்து துத்தநாகம், செம்பு போல உடம்புக்கு வேண்டியதையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். 20இலிருந்து 44 வரை இருந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பெரிய ஆய்வே நடந்தது. ரத்த அளவு இறங்கியது, அறிவுத்திறனில் ஆதாயம் எதுவும் கிடைக்கவில்லை. மருந்தைக் கொடுத்துவிட்டு, காரீயம் வரும் வீட்டுக்கே குழந்தையைத் திருப்பி அனுப்பினால் பழைய நிலைதான்.

நரம்பு வழியாக ஏற்றுவது இன்னும் ஆபத்து. 2005இல் பென்சில்வேனியாவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுப் பையனுக்குத் தனியார் கிளினிக்கில் உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் ஈ.டி.டி.ஏ என்ற மருந்தை ஏற்றினார்கள். கால்சியம் சேர்த்த வகைக்குப் பதில் சோடியம் வகை போய்விட்டது. ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கி, இதயம் நின்று குழந்தை இறந்தது. முடிப் பரிசோதனையை வைத்தும், மருந்து கொடுத்து வரவழைத்த சிறுநீரை அளந்தும் சிகிச்சை முடிவு செய்யக் கூடாது என்று நச்சியல் மருத்துவர்கள் வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள்.

இயற்கை வழி ஐயா, உங்கள் நோக்கத்தைச் சந்தேகிக்கவில்லை. இந்த இழையில் மட்டும் அதைப் பரிந்துரைக்காதீர்கள்.

---

இயற்கை_வழி

என் நண்பர் வீட்டில் பலன் கிடைத்தது என்றுதான் சொன்னேன். சரி, விடுகிறேன்.

---

சுந்தரம்_தூசி

சூட்கேஸ் விஷயத்துக்கு வருகிறேன், இது என் தொழில்.

மஞ்சள்தூள்: பங்களாதேஷில் பளிச்சென்ற நிறத்துக்காக லெட் குரோமேட் சாயத்தைக் கலந்தார்கள். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2019இல் இதை வெளிக்கொண்டு வந்தார்கள். அந்த அரசு சந்தைகளில் சோதனை போட்டது, அபராதம் விதித்தது, பத்திரிகையில் எழுதவைத்தது. சுமார் பாதி மாதிரிகளில் இருந்த கலப்படம் இரண்டே வருஷத்தில் ஏறக்குறைய இல்லாமல் போனது. பிறகு மற்ற தெற்காசிய நகரங்களில் எடுத்துப் பார்த்ததில் பாட்னா, கராச்சி, பெஷாவர் ஊர்களில் மோசமான அளவுகள் வந்தன. ஊரிலிருந்து கொண்டுவரும் மஞ்சளை விரலியாக வாங்கித் திரித்தாலும் பிரச்சினை வரலாம், மெருகேற்றும்போதே அந்தச் சாயத்தைப் பூசும் இடங்கள் உண்டு. அமெரிக்கக் கடையில் வாங்கினால் நிம்மதி என்றும் சொல்ல முடியாது. 2023இல் எக்வடோரிலிருந்து வந்த ஆப்பிள்கூழ்ப் பாக்கெட்டில் பட்டைத்தூள் வழியாக இதே லெட் குரோமேட் வந்து, நூற்றுக்கணக்கான குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அதுவும் வட கரோலினாவில் ஒரு குடும்பத்தில் குழந்தைகளின் ரத்த அளவு ஏறியதைத் துருவிப்போய்த்தான் கண்டுபிடித்தார்கள். வீட்டு பெயின்ட்டோடு விசாரணையை நிறுத்தியிருந்தால்?

கண்மை: கலேனா என்ற காரீயத் தாதுவை அரைத்துச் செய்யும் சுர்மாதான் பெரிய ஆபத்து. வீட்டில் விளக்குப் புகையைப் பிடித்து விளக்கெண்ணெயில் குழைப்பது வேறு வகை. ஆனால் டப்பாவில் விற்பதில் எது இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ இதை நிறமியாக அனுமதிப்பதே இல்லை.

பாத்திரம்: இதைத்தான் யாரும் நினைப்பதில்லை. இங்கே சியாட்டிலில் ஆப்கன் அகதிக் குழந்தைகளுக்கு மட்டும் ஏன் அதிகம் என்று தேடிப்போய், அவர்கள் கொண்டுவந்த அலுமினிய குக்கர்கள்தான் காரணமாக இருக்கலாம் என்று கண்டார்கள். பழைய இரும்புக்கடைச் சாமான்களை உருக்கி வார்த்த குக்கர்கள். 2025இல் எஃப்.டி.ஏ விட்ட எச்சரிக்கையில் அலுமினியம், பித்தளையோடு நம் இண்டாலியமும் இருக்கிறது.

அப்புறம் ஈயச்சொம்பு. சுத்த வெள்ளீயத்தில் செய்ததாகத்தான் சொல்லி விற்பார்கள். விலை குறைக்கக் காரீயம் கலந்திருந்தால்? அதில் புளிக்கரைசலைக் கொதிக்க வைக்கிறோம். புளிப்பு காரீயத்தை நன்றாகவே இழுக்கும்.

---

கோபால்_மாமா

ஈயச்சொம்பு ரசத்தையும் விட்டுவைக்கவில்லையா! எங்கள் பாட்டி தொண்ணூற்று மூன்று வயது வரை அதில்தான் ரசம் வைத்தாள்.

---

சுந்தரம்_தூசி

பாட்டியின் சொம்பு நல்ல சொம்பாக இருந்திருக்கலாம் மாமா. எக்ஸ்ரே கதிரால் உலோகத்தைக் கண்டறியும் எக்ஸ்.ஆர்.எஃப் கருவியை வைத்தால் ஒரு நிமிஷத்தில் தெரியும். கடையில் விற்கும் துடைத்துப் பார்க்கும் குச்சிகளைப் பாத்திரத்துக்கு நம்பாதீர்கள்.

---

மணலிக்காரி (சென்னை)

படிக்கப் படிக்கப் பொறாமையாக இருக்கிறது. நான் பொதுச் சுகாதாரத் துறையில் இருக்கிறேன். எங்கள் பக்கம் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, அனல்மின் நிலையம் எல்லாம் ஒரே வரிசையில். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூச்சுத்திணறலோடு வந்தவர்களை மருத்துவமனைகள் பார்த்தன. ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளையின் நுரையீரல் எப்படி இருக்கிறது என்று யாரிடம் போய்க் கேட்பது?

காரீயம் என்றால் பெங்களூரு செயின்ட் ஜான்ஸில் தேசிய அளவிலான ஆலோசனை மையம் இருக்கிறது. விஷ முறிவு ஆலோசனைக்கு டெல்லி எய்ம்ஸில் இருபத்துநான்கு மணி நேர மையம். போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் காற்று மாசு பற்றி உலகத் தரத்தில் ஆராய்ச்சி நடக்கிறது. கர்ப்ப காலத்தில் சுவாசித்த நுண்தூசிக்கும் குழந்தையின் பிறப்பு எடைக்கும் உள்ள தொடர்பைத் தமிழ்நாட்டுத் தாய்மார்களிடமே அளந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு அம்மா போன் எடுத்து "என் பிள்ளைக்கு இப்படி இருக்கிறது" என்று கேட்க மண்டலத்துக்கு ஒரு இடம் என்ற ஏற்பாடு இங்கே இல்லை.

யூனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டில், இந்தியாவில் 27 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளின் அளவு 5க்கு மேல். நிலா அம்மாவின் மகளுக்கு வந்த எண் எங்கள் தெருவில் எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கும்? ஒரு வயதில் டெஸ்ட் எடுக்கும் வழக்கமே இல்லாதபோது அது எண்ணாகக்கூட வருவதில்லை.

---

பசடேனா_ரவி

இடையில் ஒரு கேள்வி. ஜனவரி 2025இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பரவிய தீயில் எங்கள் வீடு தப்பியது, பக்கத்து ஆல்டடீனா தெருக்கள் போயின. பழைய வீடுகள் எரிந்த சாம்பல். பையனுக்கு மூன்று வயது, தோட்டத்து மண்ணில்தான் எப்போதும். இந்தப் பிரிவு இதற்கும் பதில் சொல்லுமா, லெட்டுக்கு மட்டுமா?

---

வேம்பு_நர்ஸ்

எல்லாவற்றுக்கும். புகை, பூஞ்சணம், பூச்சிமருந்து, உடைந்த தெர்மாமீட்டர், கிணற்றுத் தண்ணீர். 2005 கத்ரீனா புயலுக்குப் பிறகு குழந்தைகளை எப்போது வீட்டுக்குத் திரும்பக் கூட்டிப்போகலாம் என்று வழிகாட்டி எழுதியதே இவர்கள்தான். உங்களுக்கு 9ஆம் மண்டலம், சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் யு.சி.எஸ்.எஃப் பல்கலைக்கழகம். வீட்டு பெயின்ட்டில் காரீயத்தைத் தடைசெய்த 1978க்கு முன் கட்டிய வீடுகள் எரிந்திருந்தால் சாம்பலில் காரீயம் இருக்க நிறைய வாய்ப்பு. மண்ணைச் சோதிக்கும் வரை பையனை அதில் இறக்காதீர்கள். ரத்தமும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

---

கோபால்_மாமா

அரசாங்கப் பணத்தில் ஓடுகிறது என்கிறீர்கள். இப்போதைய நிலவரத்தில் அது ஓடுமா?

---

வேம்பு_நர்ஸ்

மாமா கேட்டது நியாயமான கேள்வி. 2025 ஏப்ரலில் சி.டி.சி-யின் குழந்தைகள் காரீயத் தடுப்புப் பிரிவையே வீட்டுக்கு அனுப்பினார்கள். சரியாக அப்போது மில்வாக்கியில் பள்ளிகளின் பழைய பெயின்ட்டால் குழந்தைகள் பாதிக்கப்பட்டு, அந்த ஊர் உதவி கேட்டுக் காத்திருந்தது. ஆள் இல்லை என்று பதில் போனது. ஜூனில் பலரைத் திரும்ப அழைத்தார்கள். பத்துப் பிரிவுகளும் வருஷாவருஷம் ஒதுக்கும் பணத்தை நம்பித்தான் இருக்கின்றன. நாம் பயன்படுத்தாமல் விட்டால் வெட்டுவது இன்னும் சுலபம்.

---

நிலா_அம்மா (சில வாரங்களுக்குப் பிறகு)

எல்லோருக்கும் நிலவரம் சொல்லிவிடுகிறேன். போன் செய்தேன். அங்கிருந்த நர்ஸ் பொறுமையாக எல்லாம் கேட்டார். எங்கள் டாக்டரிடமும் அவர்களே பேசினார்கள். அதன் பிறகு ரத்தத்தில் இரும்புச் சத்தும் பார்த்தார்கள், குறைவு. நாங்கள் சைவம், இவள் பாலிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்பவள். இரும்பு குறைந்தால் குடல் காரீயத்தை அதிகமாக உறிஞ்சுமாம். இது எனக்குத் தெரியாது. இரும்பு டிராப்ஸ் ஆரம்பித்திருக்கிறோம்.

ஊர் சுகாதாரத் துறையிலிருந்து வீட்டுக்கு வந்தார்கள். சுவர் பரவாயில்லை. ஜன்னல் சட்டத்தை ஏற்றி இறக்கும்போது உரசி வரும் தூசியில் காரீயம் இருந்தது. இவள் நின்று வேடிக்கை பார்க்கும் அதே ஜன்னல். மஞ்சள்தூளும் கண்மையும் சுத்தம். ஈயச்சொம்பில் காரீயம் காட்டியது, எவ்வளவு ரசத்தில் இறங்கியது என்று சொல்ல முடியாது என்றார்கள். வீட்டு ஓனர் முதலில் முகத்தைச் சுளித்தார், தாள் வந்ததும் ஜன்னலை மாற்ற ஒப்புக்கொண்டார்.

மறு டெஸ்டில் 5.9. இன்னும் வேகமாக இறங்காதா? அப்புறம், நான் இரண்டாவது குழந்தையை எதிர்பார்த்திருக்கிறேன். நானும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

---

வேம்பு_நர்ஸ்

வாழ்த்துகள்! கட்டாயம் எடுங்கள், அடுத்த விசிட் வரை காத்திருக்காமல் இந்த வாரமே மகப்பேறு டாக்டரிடம் கேளுங்கள். நீங்களும் அதே ரசம் சாப்பிட்டிருக்கிறீர்கள். காரீயம் எலும்பில் கால்சியத்தோடு போய் உட்கார்ந்துகொள்ளும், பத்து இருபது வருஷம்கூட. கர்ப்பத்தில் எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும்போது அதுவும் சேர்ந்து இறங்கி, நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். போதுமான கால்சியம் சாப்பிட்டால் இது குறையும். நியூயார்க்கில் கர்ப்பிணிகளிடம் கூடுதல் அளவு தெரியவரும்போது அதில் தெற்காசியப் பெண்கள் கணிசமாக இருப்பதை நகரச் சுகாதாரத் துறையே சொல்லியிருக்கிறது.

5.9 நல்ல இறக்கம். ரத்தத்தில் உள்ளது பாதியாக ஒரு மாதம் போல ஆகும், அதற்குள் எலும்பிலிருந்தும் கொஞ்சம் திரும்ப ஊறும். அதனால் மெதுவாகத்தான் இறங்கும்.

ஜன்னல் மாற்றும் நாட்களில் நீங்களும் மகளும் வீட்டில் இருக்காதீர்கள். ஈ.பி.ஏ சான்றிதழ் உள்ள ஆளைத்தான் கூப்பிட வேண்டும் என்று ஓனரிடம் எழுத்தில் சொல்லுங்கள். வேலை முடிந்து தூசிச் சோதனை செய்த பிறகு திரும்புங்கள்.

---

சுந்தரம்_தூசி

அந்தச் சொம்பை யாருக்கும் தானம் கொடுத்துவிடாதீர்கள், பழைய பாத்திரக் கடைக்கும் வேண்டாம். உருக்கினால் இன்னொரு வீட்டுப் பாத்திரமாக வரும். உங்கள் கவுன்ட்டியில் அபாயகரமான வீட்டுக் கழிவு வாங்கும் நாள் இருக்கும், அங்கே கொடுங்கள்.